நிழல் மூலையில் மிதித்த பிரேக்

இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பனிக்காலத்தில் ஜீப் ஏறுகிறவர்கள் வண்டியைப் பார்த்து ஏறுவதில்லை, ஓட்டுகிற ஆளைப் பார்த்துத்தான் ஏறுவார்கள். கேலாங்கில் காலை ஒன்பது மணிக்கு நாலைந்து வண்டிகள் நின்றாலும் தோப்டன் வண்டிதான் முதலில் நிறையும். "தோப்டனா ஓட்டறான்? அப்ப நான் தூங்கிடலாம்" என்பார்கள். சிலர் உண்மையாகவே தூங்கிவிடுவார்கள். கீழே இருநூறு அடியில் சந்திரபாகா ஆறு பாதி உறைந்து கிடக்கும், மேலே எந்த நேரமும் பனி சரியலாம். அந்தச் சாலையில் ஒருவர் தோளில் இன்னொருவர் தலை சாய்த்துக் குறட்டை விட்டபடி பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் உதய்பூர் வரைக்கும் போவார்கள்.

தோப்டனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வயதில் சாலையில் பனி வெட்டும் கூலியாகச் சேர்ந்து, மண்வாரி இயந்திரத்துக்கு டீசல் தூக்கி, அப்படியே லாரி ஓட்டப் பழகியவர். சொந்தமாக ஜீப் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற வண்டி. பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும். அதை அவர் இரண்டு விரலால் தட்டிப் போடுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே சிலர் முன் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள்.

அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது, தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும் என்று தெரியும். முன்னே போகிற வண்டிக்குப் பத்து வண்டி நீளம் இடைவெளி விட வேண்டும், வெயில் பட்ட ரோட்டிலிருந்து நிழலுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று தெரியும். பகலில் உருகி வழிந்த தண்ணீர் இரவில் உறைந்து, தாரின் நிறத்திலேயே கறுப்பாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது என்பதும் தெரியும். டில்லியிலிருந்து வருகிற பையன்கள் புது வண்டியில் பாய்ந்து போவதைப் பார்த்தால் நிறுத்திச் சொல்லுவார்: "தம்பி, நாலு சக்கரமும் இழுக்குதுன்னா கிளம்பறதுக்குத்தான் அது. நிக்கறதுக்கு உன் வண்டியும் ஒண்ணுதான், பால்காரன் வண்டியும் ஒண்ணுதான்."

ஆனால் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவதை மட்டும் அவர் விட்டு நாலு பனிக்காலம் ஆகிவிட்டது. சங்கிலி சாக்குப் பைக்குள் பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது. குனிந்து, பனியில் முழங்கால் போட்டு, விரல் விறைக்க விறைக்க மாட்ட வேண்டும், பத்து நிமிஷம் ஆகும். தோப்டனுக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. அதெல்லாம் புதுசாக ஓட்டுகிறவர்களுக்கு.

சிமெத் அப்படிப் புதுசாக ஓட்டியவள். முப்பத்துநாலு வயது. தோப்டனின் ஊர்க்காரி, தூரத்து உறவில் அவருக்கு மருமகள் முறை. புருஷன் உருளைக்கிழங்கும் பட்டாணியும் பார்த்துக்கொள்ள, இவள் பழைய ஜீப் ஒன்றை வாங்கி மூன்றாவது வருஷமாக இதே தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளத்தாக்கில் பனிக்காலத்தில் ஆள் ஏற்றிய பெண் அவள் ஒருத்திதான். அவள் வண்டி எப்போதும் கடைசியாகத்தான் நிறையும்.

அந்த ஜனவரி காலையில் இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாகக் கிளம்பின. சிமெத் முன்னால். அவள் வண்டியில் நாலு பேர், தோப்டன் வண்டியில் ஐந்து. மூன்று நாள் பனி பெய்து ஓய்ந்து, முந்தின நாள்தான் வெயில் அடித்திருந்தது. ஓட்டுநர்கள் நிழல் மூலை என்று சொல்கிற இறக்கத்துக்குக் கால் மைல் முன்னால் சிமெத் ஓரமாக நிறுத்திச் சங்கிலியை இறக்கினாள். அந்த வளைவில் நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் சூரியன் படாது. அவள் நிறுத்திய இடத்தில் இருபுறமும் பனிச் சுவர், தாண்டிப் போக இடம் இல்லை. தோப்டன் பின்னால் நின்று ஹார்ன் அடித்தார். கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சிமெத், வண்டிக்குக் கொலுசு மாட்டி எந்தக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போற?"

அவள் நிமிரவில்லை. "சத்தம் கேட்டாத்தானே மாமா, மாப்பிள்ளை வழி விடுவாரு" என்றாள்.

இரண்டு வண்டியிலும் சிரித்தார்கள். தோப்டனும் சிரித்தார். அவள் மாட்டி முடிக்கும்வரை அவர் இறங்கவில்லை. முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கியால்சன், திரோட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். "உங்க சங்கிலியை எலி தின்னிருக்கும் தோப்டன்" என்றார். "தின்னுட்டுப் போகட்டும், அதுக்காவது உதவட்டும்" என்றார் இவர்.

சிமெத் இறக்கத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கினாள். தோப்டன் ஒட்டினாற்போலப் பின்னால் போனார். அவளை அவசரப்படுத்துவதுபோல முன் பம்பரை அவள் வண்டிக்குக் காட்டிக் காட்டிப் போனார் என்பதே சரி. கியால்சன் பக்கம் திரும்பி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி பதினைந்து, இருபது என்று தானாக வேகம் எடுத்தது. திரும்பிப் பார்த்தபோது சிமெத்தின் பின் கண்ணாடி அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதை அவர் கால் மறந்துவிட்டது. பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டார்.

சக்கரங்கள் நாலும் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது யாருடைய வண்டியோ போல நேராகவே போனது. சிமெத் வண்டியின் பின் மூலையில் இடித்து, அதை ஆற்றுப் பக்கம் தள்ளிவிட்டு, இவர் வண்டி மலைப் பக்கத்துப் பனிச் சுவரில் மூக்கைக் குத்தி நின்றது. சிமெத் வண்டி விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சங்கிலிகள் பனிக்கட்டியில் உழுத கோடு, இரண்டு தண்டவாளம்போல வெள்ளையாகத் தெரிந்தது.

முதலில் இறங்கியவள் சிமெத். தன் வண்டியைக்கூடப் பார்க்காமல் தோப்டன் கதவுக்கு ஓடி வந்தாள். "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். சிமெத் வண்டியின் பின் சீட்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அதில் வந்த யாங்கி, அறுபது தாண்டிய அம்மாள், வலது மணிக்கட்டை இடது கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எலும்பு உடைந்திருந்தது.

வளைவுக்குக் கீழே பனி வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் தோப்டனோடு பழைய நாளில் வேலை செய்தவர். வண்டியைப் பார்த்தார், தோப்டனைப் பார்த்தார். "நீயா மோதின? நீ போய் மோதுவியா? முன்வண்டி திடீர்னு பிரேக் போட்டிருக்கும், அதான்" என்றார்.

தோப்டன் பொய் சொல்லவேண்டியதே இருக்கவில்லை. அதை இன்னொருவர் சமைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். இவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

"நான் பிரேக்கைத் தொடவே இல்ல" என்றாள் சிமெத்.

"எனக்குத் தெரிஞ்சு சிவப்பு விளக்கு எரிஞ்ச மாதிரிதான் இருந்தது" என்றார் கியால்சன். கதை கேட்டுக்கொண்டு தோப்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்தப் பொய் தனியாக இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் செத்துப் போயிருக்கும். துணை கிடைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

சிமெத் தன் வண்டியிலிருந்து சாம்பல் மூட்டையை எடுத்து வந்து தோப்டனின் சக்கரங்களுக்கு அடியில் தூவினாள், கயிறு கட்டி அவர் வண்டியை வெளியே இழுத்துக் கொடுத்தாள், யாங்கியை ஏற்றிக்கொண்டு கேலாங் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

நாலு நாள் கழித்து ஓட்டுநர் சங்கம் கூடியது. தலைவர் பல்ஜோர் நல்ல மனிதர், பனிக்காலத்தில் ஒரு விபத்து நடந்தால் பள்ளத்தாக்கே வண்டி ஏறப் பயப்படும் என்ற கவலை அவருக்கு. குளிர்காயும் இரும்புத் தந்தூர் அடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிமெத் கதவோரம். அவள் தன் பக்கத்தைச் சொன்னாள்: சங்கிலி போட்டிருந்தேன், தாழ்ந்த கியரில் இறங்கினேன், பிரேக்கைத் தொடவில்லை, பின்னால் இருந்து இடி வந்தது. யாரும் மறுக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. பல்ஜோர் தோப்டனைப் பார்த்து, "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க" என்றார்.

அப்போது உண்மையைச் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. தோப்டன் சொன்னார்: "விடுங்கப்பா. சின்னப் பொண்ணு. பயத்துல ஆயிரம் நடக்கும். போகப் போகக் கத்துக்குவா."

அடுப்பைச் சுற்றி ஒரு மெச்சுதல் எழுந்தது. பெரிய மனசு என்றார்கள். பனிக்காலம் முடியும்வரை சிமெத் ஆள் ஏற்றக்கூடாது, தீவனமும் விறகும் மட்டும் ஏற்றலாம் என்று முடிவானது. அவள் எழுந்து, வாசலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாள். போகும்போது தோப்டனை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள்.

அந்தப் பார்வை அவரோடு வீட்டுக்கு வந்தது. ஜீப்பில் ஏறுகிறவர்கள் இன்னும் மரியாதையோடு ஏறினார்கள். "உங்களாலதான் அண்ணே அன்னிக்கு அத்தனை பேர் பிழைச்சாங்க" என்று ஒருவர் சொன்னார். கதை அதற்குள் அங்கே போய்விட்டிருந்தது. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்து, "சீட் பெல்ட்டைப் போட்டுக்க" என்று மட்டும் சொன்னார்.

நிழல் மூலைக்கு முன்னால் அவர் மறுபடி சங்கிலி மாட்டத் தொடங்கினார். அதிலும் ஒரு கேவலம் இருந்தது. தெரிந்தவர்கள் வண்டியில் இருந்தால் மாட்டமாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து இறங்குவார். வெளியூர்க்காரர்கள் மட்டும் இருந்தால், அல்லது வண்டி காலியாகத் திரும்பினால், யாரும் வராத இடமாகப் பார்த்து நிறுத்தி, திருடனைப்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாட்டுவார். ஊர் எல்லைக்கு முன்பே கழற்றிச் சாக்கில் திணித்துவிடுவார்.

சாக்கை அவர் மனைவி பூத்தித் கண்டுபிடிக்கவில்லை, கையைத்தான் கண்டுபிடித்தாள். இரும்பு பட்டு விரல் முட்டிகள் நாலும் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தன. வெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் காயம் எப்படி ஆச்சு?"

"சங்கிலி."

"நீங்கதான் மாட்டறதில்லையே."

தோப்டன் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், அடுப்பைப் பார்த்தபடி. பூத்தித் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"மூணு வாரமா நான் அவகிட்டப் பேசல" என்றாள். "குழாயடியில அவ நின்னா நான் குடத்தைத் தூக்கிட்டுத் திரும்பி வந்துடறேன். என் புருஷனைக் கொல்லப் பார்த்தவள்னு நாலு பேர்கிட்டச் சொல்லியிருக்கேன். அவ ஒரு நாள் இங்க வாசல் வரைக்கும் வந்தா, உங்களுக்குக் கழுத்து வலி இருக்கான்னு கேட்டா. நான் கதவைச் சாத்தினேன்."

"நீ தெரியாமப் பண்ணின."

"நீங்க தெரிஞ்சு பண்ண விட்டீங்க."

ஒரே வீட்டில், ஒரே அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் எட்டு நாள் பேசவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தோப்டன் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் மறுநாள் வந்தது.

பிப்ரவரியில் ஃபாக்லி பண்டிகை வந்தது. அன்றைக்கு ஊரே வீடு வீடாகப் போகும். சின்னவர்கள் பெரியவர்களின் கால் தொட்டுக் கும்பிட வேண்டும், பெரியவர்கள் வாழ்த்தி, சாங் என்கிற பார்லிக் கள்ளை ஊற்றிக் கொடுக்க வேண்டும். சண்டைக்காரன் வீடு என்று யாரும் அன்றைக்குத் தாண்டிப் போகக்கூடாது. தோப்டன் வீட்டில் காலையிலிருந்தே கூட்டம். பல்ஜோர் வந்திருந்தார். கியால்சன் திரோட்டிலிருந்து வந்து இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார். புருஷனோடு சிமெத்தும் வந்தாள்.

அவள் யாரையும் பார்க்காமல் நேராக வந்து, பூத்தித்தின் காலைத் தொட்டாள், பிறகு தோப்டனுக்கு முன்னால் குனிந்தாள்.

தோப்டன் காலை இழுத்துக்கொண்டார். அடுப்படியில் சுட்டுக்கொண்டவர்போலச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சிமெத் குனிந்தபடியே நின்றாள். பார்த்தவர்கள், தோப்டன் மன்னிக்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்தார்கள். பல்ஜோர், "அண்ணே, நல்ல நாள்" என்று மெதுவாகச் சொன்னார்.

"அவ பிரேக் போடல" என்றார் தோப்டன்.

யாருக்கும் புரியவில்லை.

"அவ பிரேக் போடல. நான்தான் போட்டேன். சங்கிலி இல்லாம, மூஞ்சியை வேற பக்கம் திருப்பிக்கிட்டு, அவ வாலைப் பிடிச்சிட்டுப் போனேன். மிதிச்சேன், வழுக்கிச்சு, இடிச்சேன். இவ சங்கிலி பிடிக்கலன்னா இவளும் நாலு பேரும் ஆத்துல."

கியால்சன் சிரித்தார். "காலைலயே ஏறிடுச்சா தோப்டன்?"

"நான் இன்னும் ஒரு சொட்டுக் குடிக்கல. நீ விளக்கு எரிஞ்சதப் பார்த்தேன்னியே, எதைப் பார்த்த?"

கியால்சன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தோப்டனுக்கு அவரைக் கேட்டதும் வெட்கமாகப் போயிற்று. தன் தப்பில் பங்குக்கு ஆள் தேடுகிறோம் என்று தோன்றியது. "அத விடு. உன்னைச் சொல்லி என்ன. நான் ம்னு சொன்னதாலதான் நீ சொன்ன" என்றார்.

சிமெத் நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சதுதானே இது" என்றாள். "எனக்கு நீங்க சொல்ல வேண்டியதில்ல. அன்னிக்கு அடுப்பைச் சுத்தி உக்காந்திருந்த பன்னிரண்டு பேருக்குச் சொல்லியிருக்கணும். கத்துக்குவான்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். இடிச்சதைக்கூட நான் மறந்துடுவேன்."

அவள் புருஷன் அவள் தோளைத் தொட்டான். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பூத்தித் செருப்புக்கூடப் போடாமல் பனியில் அவர்கள் பின்னால் ஓடினாள். என்ன சொன்னாளோ, யாருக்கும் கேட்கவில்லை. ஊற்றி வைத்த சாங்கை உள்ளே யாரும் தொடவில்லை.

சங்கத்தை மறுபடி கூட்டச் சொன்னார் தோப்டன். பல்ஜோருக்கு அதில் இஷ்டமில்லை. "உங்க பேர்லதான் அண்ணே இந்த ரோட்டுல ஜனங்க ஏறறாங்க. பிரேக்ல ஏதோ கோளாறுன்னு சொல்லி முடிச்சிடலாம். அவளையும் திரும்ப ஓட்ட விட்டுடறோம்" என்றார். தோப்டன் கேட்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று பன்னிரண்டு பேர் முன்னாலும் சொன்னார். சிமெத்துக்குத் தடம் திரும்பக் கிடைத்தது. மார்ச் முடியும்வரை தான் ஆள் ஏற்றப் போவதில்லை என்று அவரே சொன்னார், யாரும் தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தார். அதை உணர்ந்தபோது இன்னொரு முறை தலை குனிந்தது.

கடைசியாக யாங்கி வீட்டுக்குப் போனார். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அவர் பயந்தார். யாங்கி பின்னுகிற கம்பளிக் காலுறைகளுக்குக் குல்லு வரைக்கும் பேர் உண்டு. மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது, கட்டைவிரல் மடங்கவில்லை. அவர் அடுப்போரம் ஊசியை இடது கைக்கு மாற்றிப் பழகிக்கொண்டிருந்தார். மூன்று விரற்கடை பின்னியது தாறுமாறாக இருந்தது.

தோப்டன் நின்றபடியே சொன்னார். யாங்கி ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த? எனக்கு அன்னிக்கே தெரியும். பின்பக்கம் பார்த்த சீட்டு, நான் உன்னைப் பார்த்துத்தான் உக்காந்திருந்தேன். கண்ணாடி வழியா உன் மூஞ்சி இவ்வளவு கிட்டத் தெரிஞ்சுது. சிரிச்சிட்டே வந்த."

தோப்டன் உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லலையா அக்கா?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரியில சொன்னேன், ஊருக்கு வந்து சொன்னேன். கிழவிக்கு வலியில புத்தி தடுமாறுதுன்னாங்க. தோப்டன் சிரிச்சிட்டே வந்து இடிப்பானான்னாங்க." யாங்கி நூலை ஒரு இழுப்பு இழுத்தார், அது அறுந்தது. "சிமெத் நம்பினா. அவதான் வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து தண்ணி பிடிச்சு வைக்கிறா. நீ அவ பேரைக் கெடுத்த, அவ என் வேலையைச் செய்யறா. என் கையை இடிச்சது நீ."

"நான் என்ன பண்ணணும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? டீ குடிச்சிட்டுப் போ."

வெண்ணெய் டீயை அவரே கோணல் கையால் ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. துடைக்கலாமா, துடைத்தால் தப்பாகுமா என்று தெரியாமல் தோப்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷத்திலிருந்து யாங்கிக்கு விறகு வெட்டிக் கொடுப்பதும் குல்லுவில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போவதும் அவர் வேலையானது. யாங்கி ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. தோப்டன் ஏப்ரலில் திரும்ப ஓட்ட ஆரம்பித்தார். அவர் வண்டி இப்போதும் நிறைகிறது, ஆனால் சிமெத் வண்டிக்குப் பிறகு. முதல் பனி விழுந்த நாளிலிருந்து, வெயில் அடித்தாலும், தெரிந்தவர்கள் பார்த்தாலும், இறங்கிச் சங்கிலி மாட்டுகிறார். அவசரக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் காதில் வாங்குவதில்லை.

சிமெத் அவரோடு பேசுகிறாள். எந்த வளைவில் தண்ணீர் கசிகிறது, எங்கே பனி சரிந்திருக்கிறது என்று எதிரே வரும்போது நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகிறாள். முன்பு மாமா என்றவள் இப்போது தோப்டன்ஜி என்கிறாள். மரியாதையான வார்த்தைதான். அதை அவள் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போன பனிக்காலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் முன் சீட்டில் ஏறி, "நீங்கதான் இந்த ரோட்டுலயே பெரிய ஓட்டுநர்னு கேள்விப்பட்டேன்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் வெளியே பார்த்தார்கள். தோப்டன் கியரைத் தாழ்த்தினார். பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், நிழல் மூலையில் ஒரு காலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.